ஆங்கிலத்தில் விளம்பரம், அறிவிப்பு, பலகை: இரட்டை அர்த்தம் இல்லாமல் அச்சேற்றும் வழி

கடலூரிலோ புதுச்சேரியிலோ வீடு, கடை, தொழில் என்று இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி அச்சடிக்கும் வேலை எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். மாடி ரூமை வாடகைக்கு விட, காணாமல் போன சான்றிதழுக்கு, வரன் பார்க்க, ஹோம்ஸ்டே வாசலில் மாட்ட என்று ஏதாவது ஒன்று. அந்த நாலு வரியை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் கொடுத்த காசு வீண். யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவும் விட்டுவிடுவார்கள்.

எங்கள் சித்தி வீட்டு மாடி ரூமுக்கு வரி விளம்பரம் கொடுக்கப் போனேன். நான் எழுதிக் கொடுத்தது, 'ரூம் வித் அட்டாச்டு பாத்ரூம், ஃபார் எ பேச்சுலர்'. விளம்பர ஏஜென்சியில் இருந்த தம்பி, "அண்ணே, சுருக்கிட்டா ஒரு வரி மிச்சம்" என்று சொல்லி, 'ரூம் ஃபார் பேச்சுலர் வித் அட்டாச்டு பாத்ரூம்' என்று மாற்றிப் போட்டுவிட்டார். அச்சில் வந்தபோது பாத்ரூம் ரூமோடு இல்லை, பேச்சுலரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூமோடு வரும் பையன் கிடைத்தாரா என்று விசாரித்துத்தான் போன் வந்தது, ரூம் கேட்டு இல்லை. சித்தி மறுபடியும் காசு கட்டி விளம்பரம் போட்டார். இந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எங்கே வரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாளிதழில் வரி விளம்பரமா, கட்டம் கட்டிய விளம்பரமா, ஃபிளெக்ஸா, கதவில் ஒட்டும் தாளா? ஒவ்வொன்றிலும் சொற்களை வெட்டச் சொல்லும் காரணம் வேறு. வரி விளம்பரத்தில் காசு, பலகையில் இடம்.

கடைப் பலகை என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிப்படி தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற அளவில் இடம் ஒதுக்க வேண்டும். ஆங்கிலத்துக்குக் கிடைப்பது சின்ன இடம்தான். அதில் பத்து விஷயத்தைத் திணிக்கப் பார்த்தால் சின்னச் சொற்கள் எல்லாம் உதிர்ந்து, வாசகம் தடம் மாறிவிடும். விஷயத்தைக் குறையுங்கள், சொல்லைக் குறைக்காதீர்கள்.

2. ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எந்த விளம்பரமானாலும் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். ஆதார் போதும். அதற்கு மேல் விளம்பரத்தைப் பொறுத்தது.

தொலைந்த சான்றிதழ் என்றால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். விளம்பரம் அப்புறம்தான். பெயர் மாற்றம் என்றால் நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கேட்கலாம். அரசிதழிலும் வர வேண்டும் என்றால் கடலூர் முகவரிக்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ், புதுச்சேரி முகவரிக்காரர்களுக்குப் புதுச்சேரி அரசிதழ். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருப்பவர்கள் இதில் குழம்பி அலைகிறார்கள். இரங்கல் விளம்பரத்துக்கு இறப்புச் சான்றோ மருத்துவமனைத் தாளோ கேட்பார்கள்.

ஊர்ப் பெயர், இனிஷியல், எழுத்துக்கூட்டல் எல்லாம் ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். 2006-க்கு முந்தைய சான்றிதழில் 'பாண்டிச்சேரி' என்றுதான் இருக்கும். அதை 'புதுச்சேரி' என்று நீங்களாகத் திருத்தி விளம்பரத்தில் போட்டால், அந்த விளம்பரத்தைக் கேட்கும் அலுவலகம் இரண்டும் வேறு வேறு என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.

3. மேட்டரை முதலில் தமிழில் எழுதுங்கள்

நேராக ஆங்கிலத்தில் உட்காராதீர்கள். தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'பாம்பு கடித்தவருக்கு டாக்டர்கள் உதவினார்கள்' என்பதை எப்படி மாற்றிப் போட்டாலும் யார் யாருக்கு உதவினார் என்பது கெடாது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும்.

ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, சொல் நிற்கும் இடம். இன்னொன்று, 'எ', 'தி', 'ஆஃப்', 'இஸ்', 'வாஸ்' போன்ற பொடிச் சொற்கள். தமிழில் 'எ', 'தி' என்று எதுவும் கிடையாது என்பதால் நமக்கு அவை வெறும் அலங்காரமாகத் தெரிகின்றன. காசு மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பதும் அவற்றில்தான். 'டாக்டர்ஸ் ஹெல்ப் ஸ்நேக் பைட் விக்டிம்' என்று போட்டுப் பாருங்கள். பாம்புக் கடிபட்டவருக்கு டாக்டர்கள் உதவினார்கள் என்றும் படிக்கலாம், அவரைக் கடிக்க டாக்டர்கள் பாம்புக்கு உதவினார்கள் என்றும் படிக்கலாம். 'எ' ஒன்றைச் சேர்த்து 'ஹெல்ப் எ ஸ்நேக்பைட் விக்டிம்' என்று எழுதி, 'ஸ்நேக்பைட்'டை ஒரே சொல்லாக்கினால் பாம்பு ஒதுங்கிவிடும்.

4. நாளிதழ்த் தலைப்புகளை வைத்துப் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வரி விளம்பரத்துக்கும் செய்தித் தலைப்புக்கும் பிரச்சினை ஒன்றுதான். அங்கே பத்தியின் அகலத்துக்குள் அடக்க வெட்டுகிறார்கள், இங்கே காசுக்குள் அடக்க வெட்டுகிறோம். தலைப்பில் இரட்டை அர்த்தத்தைப் பிடிக்கக் கண் பழகிவிட்டால் உங்கள் மேட்டரிலும் அது தானாகவே உறுத்தும்.

பயிற்சிக்குச் செலவு இல்லை. கடலூரில் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கின்றன. காலையில் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலைப்புகளை மட்டும் பாருங்கள்.

தலைப்பு ஆங்கிலத்துக்குத் தனி வழக்கம் உண்டு. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள். நாளை நடக்கப் போவதற்கு 'டு' போடுவார்கள். 'இஸ்', 'வாஸ்' எல்லாம் போய்விடும். மிச்சம் இருக்கும் சொற்களில் எது பெயர், எது வினை என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்று மாதிரிகளும் நானே பயிற்சிக்கு அமைத்தவை:

'போர்ட் பிளான்ஸ் ஸ்டால்'. துறைமுகத் திட்டங்கள் முடங்கின என்பது ஒரு அர்த்தம். துறைமுகம் ஒரு கடை போடத் திட்டமிடுகிறது என்பது இன்னொன்று. 'பிளான்ஸ்', 'ஸ்டால்' இரண்டுமே பெயராகவும் வரும், வினையாகவும் வரும் என்பதால் வந்த வினை இது. கடலூர் துறைமுகத்தைப் பற்றி இரண்டில் எது வந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்பதால் விஷயம் தெரிந்தவருக்கும் இது பிடிபடாது.

'போலீஸ் புக் டாக்டர்'. டாக்டர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது என்பதுதான் செய்தி. படிப்பவருக்கோ போலீஸ்காரர் டாக்டரிடம் டோக்கன் வாங்கியது மாதிரித் தெரியும். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் 'புக்', 'ஹெல்டு', 'ராப்', 'நாட்' எல்லாம் அன்றாடம் புழங்குபவை. வழக்குப் பதிவு, கைது, கண்டனம், ஒப்புதல் என்று வரிசையாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒப்புதல் என்ற 'நாட்', டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும்போது 'இல்லை' என்ற 'நாட்' மாதிரியே காதில் விழும். 'நாட் ஃபார் நியூ பஸ் ஸ்டாண்ட்' என்றால் பஸ் நிலையத்துக்கு அனுமதி கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று ஒரு சண்டையே நடக்கும்.

'மேன் ஹெல்டு ஓவர் கெடிலம் பிரிட்ஜ்'. கெடிலம் பாலம் சம்பந்தமான விவகாரத்தில் ஒருவர் கைது. ஆனால் கண்ணில் தெரிவது, பாலத்துக்கு மேலே ஒருவரைத் தூக்கிப் பிடித்திருக்கும் காட்சி. இங்கே பொடிச் சொல்லை வெட்டவில்லை. இருக்கும் பொடிச் சொல்லுக்கே இரண்டு அர்த்தம். 'ஓவர்', 'பை', 'வித்', 'ஆன்' நான்கையும் எங்கே கண்டாலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இப்படிப்பட்ட தலைப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'கிராஷ் பிளாசம்ஸ்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. 2009-ல் ஜப்பானில் வெளிவந்த ஒரு ஆங்கிலத் தலைப்பு, 'வயலினிஸ்ட் லிங்க்டு டு ஜே.ஏ.எல். கிராஷ் பிளாசம்ஸ்'. 1985-ல் நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் இன்று இசையில் மலர்ந்து வருகிறார் என்பது செய்தி. படித்தவர்களுக்கோ 'கிராஷ் பிளாசம்ஸ்' என்று ஏதோ ஒரு பூ இருப்பதாகவும், அதோடு அந்தக் கலைஞருக்குத் தொடர்பு இருப்பதாகவும் பட்டது. வாக்கியத்தின் வினை கடைசிச் சொல்லில் ஒளிந்திருந்ததுதான் காரணம். உங்கள் மேட்டரில் வினை எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் படிப்பவராலும் முடியாது.

5. உங்கள் வாசகத்தைச் சோதியுங்கள்

நான் இப்போது கடைப்பிடிக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். விஷயமே தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாக மேட்டரைக் கொடுத்து, "இதுக்கு என்ன அர்த்தம்னு தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். வீட்டு ஆட்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர், தபால் அலுவலகத்தில் பழக்கமான ஒருவர் என்று இருந்தால் போதும். இருவரும் ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னால் மேட்டர் தேறிவிட்டது. ஒருவர் சிரித்தால் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அதிகம் சிக்குபவை இவை.

புதுச்சேரிக்கே உரியது 'ஃப்ரெஞ்ச் டீச்சர் வான்டட்'. பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஆசிரியரா, பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆசிரியரா? வேறு ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இங்கே இரண்டு வகை ஆட்களும் இருப்பதால் இரண்டு வகை விண்ணப்பமும் வரும். பேசும்போது 'ஃப்ரெஞ்ச்' என்பதை அழுத்திச் சொன்னால் பாடம், 'டீச்சர்' என்பதை அழுத்திச் சொன்னால் நாடு. அச்சில் அழுத்தம் தெரியாது. 'டீச்சர் ஆஃப் ஃப்ரெஞ்ச்' என்று ஒரு 'ஆஃப்' போடுங்கள். 'ஓல்டு ஃபர்னிச்சர் டீலர்' என்பதும் இதே கதைதான். பழைய மரச் சாமான் விற்கும் நல்ல கடைகள் புதுச்சேரியில் நிறைய உண்டு. பலகையைப் படித்தால் கடைக்காரருக்குத்தான் வயதாகிவிட்டது போல இருக்கும்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு: 'நோ ஸ்மோக்கிங் ரூம்ஸ் அவைலபிள்' என்று எழுதாதீர்கள். புகை பிடிக்காத ரூம் உண்டு என்று நீங்கள் சொல்ல, புகை பிடிக்கும் ரூம் இல்லை என்று விருந்தினர் படிப்பார். 'ஸ்மோக்கிங் இஸ் நாட் அலவுட் இன் எனி ரூம்' என்று வளர்த்தி எழுதினால் பிசகே இல்லை.

மீன் கடை வைப்பவர்களுக்கு: 'ஃப்ரெஷ் வாட்டர் ஃபிஷ்' என்றால் ஆற்று மீன், ஏரி மீன். தேவனாம்பட்டினத்தில் காலையில் இறங்கிய கடல் மீனை இந்தப் பலகைக்குக் கீழே வைத்தால் வாங்க வருபவர் குழம்புவார். 'ஃப்ரெஷ் சீ ஃபிஷ்' என்றே எழுதுங்கள்.

தொலைந்த சான்றிதழ் விளம்பரத்தில் 'லாஸ்ட், மார்க் ஷீட் பை ஸ்டூடன்ட் இன் புளூ கவர்' என்று வந்தால், கவருக்குள் இருப்பது மாணவர். எதற்கு அடைமொழியோ அதன் பக்கத்திலேயே அதை நிறுத்துங்கள். 'மார்க் ஷீட் இன் எ புளூ கவர்' என்பதை முதலில் முடித்துவிட்டு, யார் தொலைத்தார் என்பதை அடுத்த வாக்கியமாக்குங்கள்.

6. நம் ஆங்கிலம், வெளிநாட்டு ஆங்கிலம்

வரன் தேடும் விளம்பரத்தில் இது பெரிய விஷயம். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளையின் வீட்டார் படிப்பார்கள் என்றால் 'ஹோம்லி கேர்ள்' என்று போடவே போடாதீர்கள். நமக்கு அது குடும்பப் பாங்கான பெண். அமெரிக்க ஆங்கிலத்தில் அழகில்லாதவர் என்று அர்த்தம். ஆசையாக வளர்த்த பெண்ணைப் பற்றி அப்படி ஒரு சொல்லை நாமே காசு கொடுத்து அச்சடிப்பது எவ்வளவு கொடுமை! 'ஃபேமிலி ஓரியன்டட்' என்று எழுதுங்கள்.

'இஷ்யூலெஸ் டிவோர்சி' என்பதில் குழந்தை இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். இளைய தலைமுறைக்கு 'இஷ்யூ' என்றால் பிரச்சினை. பிரச்சினை இல்லாத விவாகரத்து என்று படிப்பார்கள். 'நோ சில்ட்ரன்' என்றால் முடிந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்று எழுதும் வழக்கம் நம் பக்கம் அதிகம். வெளிநாட்டுக்காரர் அங்கே மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார். 'கிராஜுவேட்டட்' போதும். அதே போல, புதுச்சேரியில் சாப்பாட்டுக் கடைக்கு 'ஹோட்டல்' என்று மட்டும் ஆங்கிலப் பலகை வைத்தால் பெட்டியோடு வந்து ரூம் கேட்பவர்கள் உண்டு. 'ரெஸ்டாரன்ட்' என்று சேர்த்துவிடுங்கள்.

நினைவு நாள் விளம்பரத்துக்கு ஒரு வார்த்தை. 'ஃபிஃப்த் டெத் ஆனிவர்சரி' என்பதைச் சொல்லுக்குச் சொல் படித்தால் ஐந்தாவது முறை இறந்ததாக ஆகிறது. தமிழில் 'ஐந்தாம் ஆண்டு நினைவு நாள்' என்று எவ்வளவு தெளிவாக, கண்ணியமாகச் சொல்கிறோம்! ஆங்கிலத்தில் 'ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஹி லெஃப்ட் அஸ்' என்று போடலாம். துக்க விளம்பரத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்பதால் இதற்கு மட்டும் மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள்.

7. காசு

வரி விளம்பரத்துக்கு வரிக் கணக்கு அல்லது சொல் கணக்கு. பெரும்பாலான நாளிதழ்கள் குறைந்தபட்சம் இத்தனை வரி அல்லது சொல் என்று வைத்திருக்கும். நீங்கள் அதற்குள்ளேயே எழுதினாலும் குறைந்தபட்சத்துக்கு உண்டான காசைக் கட்டியே ஆக வேண்டும். அதனால் ஏஜென்சியில் முதல் கேள்வியாக, "மினிமம் எத்தனை?" என்று கேளுங்கள். அந்த அளவு வரைக்கும் 'எ', 'தி', 'ஆஃப்' எல்லாம் உங்களுக்கு இலவசம். எங்கள் சித்தி விளம்பரத்தில் குறைந்தபட்ச வரியே தாண்டவில்லை. அந்தத் தம்பி வெட்டியதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகவில்லை என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அச்சு விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, பில் வாங்குங்கள். அடுத்த பொறி எடிஷன். கடலூர் ரூமுக்குச் சென்னை, கோவை, மதுரை எல்லாம் சேர்த்த பேக்கேஜைத் தலையில் கட்டுவார்கள். உங்கள் பகுதிக்கு எந்த எடிஷன் வருகிறதோ அது மட்டும் போதும். வரன் விளம்பரத்துக்கு மட்டும் பல எடிஷன் பிரயோஜனப்படும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 'வெரி', 'நைஸ்', 'பியூட்டிஃபுல்', 'அர்ஜன்ட்' போன்ற அடைமொழிகளை வெட்டுங்கள். அவை போனால் அர்த்தம் அப்படியே இருக்கும்.

ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. சொல் கூடினால் காசு கூடாது, எழுத்துத்தான் சிறுக்கும். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். டிசைன் கூலி தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

8. நேரமும் ப்ரூஃபும்

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்றால் வியாழக்கிழமைக்குள் மேட்டரைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளி மாலை ஓடினால் ப்ரூஃப் (அச்சேறும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி) பார்க்க நேரம் தர மாட்டார்கள், தவறுகள் நுழைவதும் அப்போதுதான். ரூம் விளம்பரம் கல்லூரி சேர்க்கை நடக்கும் மே, ஜூனில் போட்டால் பலன் அதிகம். புதுச்சேரி ஹோம்ஸ்டே பலகையை டிசம்பர் கூட்டத்துக்கு முன்பே, நவம்பரில் முடித்துவிடுங்கள்.

மேட்டரை வாயால் சொல்லாதீர்கள். போனில் சொல்லி டைப் அடிக்க வைத்தால் 'டு லெட்' என்பது 'டாய்லெட்' ஆகும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது, நடுவில் ஒரு 'ஐ' நுழைந்தால் போதும். டைப் செய்து, பிரின்ட் எடுத்து, இரண்டு நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒன்றில் அவர்கள் சீல் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம், மாற்றினால் கேட்கவும்' என்று அடியில் எழுதி, போன் நம்பரையும் போடுங்கள்.

ப்ரூஃபில் வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். 'நோ' ஒரு வரியின் கடைசியிலும் 'பெட்ஸ்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போனால், அவசரமாகப் படிப்பவர் உங்கள் வீட்டில் நாய் வளர்க்கலாம் என்று நினைத்து வருவார். ஃபிளெக்ஸிலும் டிசைனர் அழகுக்காக இப்படி உடைப்பார். எது எதோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று பேனாவால் வளைத்துக் காட்டுங்கள்.

9. அச்சில் வந்த அன்று

காலையிலேயே நாளிதழ் வாங்கி, சீல் போட்ட நகலோடு ஒப்பிடுங்கள். சான்றிதழ், பெயர் மாற்ற விளம்பரம் என்றால் நாலைந்து பிரதி வாங்கி வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரிக்காதீர்கள். நாளிதழின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கமாக வைத்திருந்தால்தான் அலுவலகத்தில் ஏற்பார்கள்.

வாசகம் மாறி வந்திருந்தால் அன்றைக்கே ஏஜென்சிக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். தவறு அவர்கள் பக்கம் என்பது சீல் போட்ட நகலில் தெரிந்தால் மறுபடியும் இலவசமாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். நகல் இல்லை என்றால் பேச்சு எடுபடாது. ஃபிளெக்ஸ் என்றால் மாட்டுவதற்கு முன்பே கடையில் விரித்துப் படித்துவிட்டு, அப்புறம் பாக்கிக் காசைக் கொடுங்கள்.